பஞ்சு மாற்றாத ஹெட்போன்

ஸ்டூடியோவின் உள்ளறைக் கதவைத் திறந்ததும் வாடைதான் முதலில் வந்தது. ஈரத்துணியை மடித்து வைத்து மறந்துபோனால் வருமே, அந்த வாடை. அதற்கும் அடியில், காதுக்குள் விரலை விட்டு மோந்து பார்த்தால் அடிக்கும் புளித்த நெடி. சுவர் முழுக்கச் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு. ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டால்தான் கை தெரியும்.

அவளை வீட்டில் பூனைக்காது என்பார்கள். அடுத்த வீட்டுக் குழாய் சொட்டினாலும் அவளுக்குத் தூக்கம் போய்விடும். அந்தக் காதை நம்பித்தான் பிழைப்பு. தனித்தனியாகப் பாடியதையும் வாசித்ததையும் ஒன்றாகக் கலந்து பாட்டாக முடித்துக் கொடுப்பாள். இன்றைக்கு முடிக்க வேண்டியது சொந்தத் தங்கையின் முதல் பாட்டு. சாயங்காலத்துக்குள் வராவிட்டால் வேறொருத்தியைப் பாட வைத்துக்கொள்வோம் என்று பாட்டுக் கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஸ்பீக்கர்கள் ரிப்பேருக்குப் போயிருந்தன. முதலாளி ஒரு பழைய ஹெட்போனை எடுத்து நீட்டினார்.

“இதுல கேட்டா ஒளிஞ்சிருக்கிற பிசிறெல்லாம் தெரியும்பாங்க. ஆனா இப்ப எதுல செருகினாலும் வாயே திறக்க மாட்டேங்குது.”

“அறுநூறு ஓம் மின்தடை சார் இது. பெரிய வயிறு. லேப்டாப் குடுக்கிற கரண்டு இதுக்குப் பல்லிடுக்குக்குக்கூடப் பத்தாது. கரண்டைக் கூட்டிக் குடுக்கத் தோதான ஆம்ப் வேணும். கையோட கொண்டாந்திருக்கேன்.”

வாங்கிப் பார்த்தவளுக்கு முகம் சுருங்கியது. காதில் உட்காரும் பஞ்சு கறுத்து, எண்ணெய் ஏறிப் பளபளத்தது. ஓரத்தில் தோல் செதில் செதிலாக உரிந்து நின்றது. மடிப்புகளுக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது.

“பஞ்சை மாத்தவே இல்லையா?”

“மாத்தினா சத்தமும் மாறிடும்மா. உனக்குத் தெரியாததா? பழைய மிக்ஸிங்காரர் வருஷக்கணக்கா பழக்கி வச்சது.”

“அவர் எங்க?”

முதலாளி தரையைப் பார்த்தார். “கோடை லீவுக்குப் பூட்டிட்டுப் போயிட்டேன். உள்ள இருந்தார்னு தெரியாது. போன் இருந்தா இரைச்சல் இழுக்கும்னு வெளிய வச்சுட்டுத்தான் உள்ள போவாரு. இந்த ரூம்ல தொண்டை கிழியக் கத்தினாலும் வெளிய கேக்காது.” நாற்காலியைக் காட்டினார். “லீவு முடிஞ்சு திறந்தப்போ இதே நாற்காலி. ஹெட்போன் தலையில. கழட்டத்தான் கஷ்டமாப் போச்சு, தோல் ஒட்டிக்கிட்டு... நல்லாத் துடைச்சுட்டோம்மா.”

சொல்லிவிட்டு அவர் நிற்கவில்லை.

அவள் ஹெட்போனை மேஜையில் போட்டாள். தங்கையை நினைத்து மறுபடி எடுத்தாள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். பழுப்பாக வந்தது. மறுபடி துடைத்தாள். மறுபடியும் பழுப்புதான், இந்த முறை கொழகொழவென்று. போதும் என்று மாட்டிக்கொண்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்த மாதிரி.

ஆம்பைப் போட்டுத் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள். ஹெட்போன் வாயைத் திறந்தது. இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை. தங்கை மூச்சிழுப்பது, உதடு பிரிவது, தம்புராக் கம்பியை விரல் தொடுவது, எல்லாம் தனித்தனியாக நின்றன. அருவருப்பை மறந்து வேலையில் மூழ்கினாள்.

இரண்டாம் சரணத்துக்கு முந்தைய இடைவெளியில், ஒரு நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரிந்தது.

பாடுகிறவர்களுக்கு வாய் காய்ந்தால் வருவதுதான். வெட்டி எடுத்தாள். திரும்ப ஓட விட்டாள். அந்த இடம் சுத்தமாக இருந்தது. பல்லவியில் கேட்டது.

அங்கும் வெட்டினாள். சரணத்துக்குப் போனது.

தங்கையின் குரலை நிறுத்திப் பார்த்தாள். வாத்தியங்களுக்கு அடியில் சப்புகிற சத்தம். வாத்தியங்களையும் நிறுத்தினாள். வறண்ட வாய்க்குள் எச்சிலைத் தேடி ஒரு நாக்கு சுற்றிச் சுற்றி வந்தது. ஈறைத் தடவியது. உதட்டுத் தோலைப் பல்லால் உரித்து மென்றது.

பாட்டை நிறுத்தினாள்.

விழுங்கும் சத்தம்.

ஆம்பை அணைத்தாள். அதன் சின்ன விளக்கு அவிந்தது. வயரைப் பிடுங்கினாள்.

இடது காதில் மூச்சு பட்டது.

“இன்னும் கொஞ்சம் கூட்டு.”

ஹெட்போனைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கன்னத்துத் தோல் பஞ்சோடு சேர்ந்து நீண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வெடுக்கென்று பிய்த்தபோது, பழுத்த பழத்தின் தோல் உரிகிற மாதிரி ஒரு ஓசை. பஞ்சுக்கும் அவள் காதுக்கும் நடுவே மஞ்சளாக ஒரு நூல் இழுபட்டு அறுந்தது. துடைத்த கையில் நரைமுடி ஒன்று சுருண்டு கிடந்தது. அவள் குப்பைத்தொட்டியைத் தேடி ஓடி வாந்தி எடுத்தாள்.

ஓடிப்போயிருக்கலாம். ஆனால் பாட்டு பாதியில் கிடந்தது. ஹெட்போனை மூலையில் எறிந்தாள். பையிலிருந்த மலிவான இயர்போனை நேராக லேப்டாப்பில் செருகினாள். அந்த மூலையைப் பார்க்காமல், மூக்கைப் பொத்திக்கொண்டு, மீதியை முடித்தாள். வெயில் தாழ்வதற்கு முன் அனுப்பியும் விட்டாள்.

வீட்டுக்கு வந்து காதைச் சோப்புப் போட்டு எரிகிற வரை தேய்த்தாள். விரலை மோந்தாள். மறுபடி தேய்த்தாள். ஈரக்கையோடு நிற்கும்போது தங்கையின் போன் வந்தது.

“அக்கா, எடுத்துக்கிட்டாங்க. ஒரு பிசிறு இல்லையாம். உன் காதுக்குத் தங்கத்துல தோடு போடணும்னாரு கம்பெனிக்காரர்.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“சரி, நீ என்ன தின்னுக்கிட்டே போனை எடுத்தியா?” தங்கை சிரித்தாள். “சப்பு சப்புன்னு கேக்குது. கர்மம், வாயை மூடி மெல்லுடி அக்கா.”

அவள் வாய் மூடித்தான் இருந்தது.

போனை மெல்ல வலது காதுக்கு மாற்றினாள்.

“ம், இப்ப நின்னுடுச்சு.”

இடது காதின் துளையிலிருந்து வெதுவெதுப்பாக ஒன்று நீண்டு, நிதானமாகக் காது மடலை நக்கிவிட்டு உள்ளே போனது.