மீன்கள் திரும்பிய பக்கம்

சுவரிலிருந்த மீன்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்தபோது மசாயோவுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வாசலின் கண்ணாடிக் கதவிலிருந்து சாமான் அறைக் கதவுவரை நீண்ட சுவர் முழுவதும் நீலத் துணி கட்டி, பள்ளி விட்டதும் இந்தக் கூடத்துக்கு வந்து தங்கும் பிள்ளைகள் வாரம் முழுக்க மடித்த காகித மீன்களை அவள்தான் ஏணியில் ஏறி இறங்கி, கழுத்து வலிக்க வலிக்கக் குண்டூசியால் குத்தியிருந்தாள். மீன்கள் எல்லாம் வலப்பக்கம், சாமான் அறைக் கதவோரம் ஒட்டிய அட்டைப் பவளப்பாறையை நோக்கி நீந்த வேண்டும் என்பது கூடத்தை நடத்தும் தலைவியின் உத்தரவு. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பக்கத்தில் மட்டும் பிள்ளைகள் கறுப்பு மையால் கண் வரைந்திருந்தார்கள். பார்லி டீக் கூஜாவை நிரப்பிக்கொண்டு அவள் திரும்பி வருவதற்குள் அத்தனை மீன்களும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. கண்ணில்லாத வெற்றுப் பக்கம்தான் வெளியே தெரிந்தது.

“யாரு செஞ்ச வேலை இது?”

தாழ்வான மேசையைச் சுற்றி மூன்று பேர்தான் இருந்தார்கள். கடலோரச் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டதால் மற்ற பெற்றோர்கள் முன்னதாகவே வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டார்கள். மிஞ்சியது, வாய் ஓயாத கெங்கோ, அவன் பக்கத்து வீட்டு மினோரி, பிறகு மசாயோவின் சொந்த மகள் ஷிஹோ.

“டீச்சர், நாங்க எழுந்திருக்கவே இல்ல,” என்றான் கெங்கோ. “நீங்க மடிச்சுக் குடுத்த ஆக்டோபஸைப் பாத்து சிரிச்சுட்டு இருந்தோம். எங்க தாத்தாவோட ஜட்டி மாதிரியே இருக்கு.”

மினோரி மேசையில் முகம் புதைத்துச் சிரித்தாள். ஷிஹோ சிரிக்கவில்லை.

மசாயோவுக்கு அன்று எதுவுமே சரியாக நடக்கவில்லை. கூட வேலை செய்யும் ஒகாபே அம்மாள் மத்தியானம் போன் செய்து, பேருந்து ஓடவில்லை, மன்னித்துக்கொள் என்று முடித்துவிட்டாள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து காகிதம்கூட நமத்துப்போய், மடித்த இடத்தில் மடிப்பு நிற்காமல் மெல்ல விரிந்துகொண்டது. கடல் தின விடுமுறைக்கு முன்னால் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து நாளைக் காலை இந்தச் சுவரைப் படம் எடுக்க வருகிறார்கள். பவளப்பாறைக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரிசை காலியாகக் கிடக்கிறது. இந்த மூன்று பேரையும் வைத்துக்கொண்டு, எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் முக்கோணத்தைத் தலைகீழாகப் பிடிக்கும் இவர்களை வைத்துக்கொண்டு, அதை எப்படி நிரப்புவது?

ஏணியை மறுபடியும் இழுத்துப் போட்டாள். ஒவ்வொரு மீனாகப் பிடுங்கி, கண்ணை வெளிப்பக்கமாகத் திருப்பி, குத்தினாள். காகிதங்கள் விரலில் ஒட்டின. ஈரம் என்று சொல்ல முடியாது. யாரோ வெகுநேரம் கையில் பிடித்து வைத்திருந்த மாதிரி ஒரு பிசுபிசுப்பு.

“மூலையோட மூலை சேரணும். நகத்தால நல்லா அழுத்தித் தேய்ங்க. அப்பதான் வால் நிக்கும்,” என்று ஏணியிலிருந்தே சொன்னாள்.

நகம் காகிதத்தின் மேல் ஓடும் சத்தம் கேட்டது. நீளமாக, நிதானமாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சர்ரென்று. நல்ல மடிப்பு. அப்பாடா, ஒருத்தராவது பேச்சைக் கேட்கிறார்களே என்று திரும்பினாள்.

கெங்கோ மூக்கை நோண்டிக்கொண்டிருந்தான். மினோரி பார்லி டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஷிஹோவின் கைகள் மடியில் இருந்தன.

சத்தம் சாமான் அறையிலிருந்து வந்தது.

“அந்த ரூம்ல யாரு?”

“யாருமில்ல டீச்சர்,” என்றாள் மினோரி. “ஆனா ரொம்ப நேரமா மடிச்சுட்டே இருக்காங்க.”

“யாருமில்லன்னு சொல்ற. அப்புறம் யாரு மடிக்கிறா?”

மினோரி யோசித்துப் பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு மறுபடியும் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

எலியாக இருக்கும். மழை பெய்தால் எலிகள் உள்ளே வரும்; போன வருடம் அவசரகாலத்துக்கு வைத்திருந்த பிஸ்கட் பெட்டியைக் கடித்துக் குதறியிருந்தன. மசாயோ இறங்கி வந்து மேசையருகே உட்கார்ந்து மகள் கையில் ஒரு நீலக் காகிதத்தைத் திணித்தாள். “நீயாவது ஒழுங்கா ஒண்ணு மடி.”

“வேணாம்மா.”

“இங்க என்னை எப்படிக் கூப்பிடணும்?”

“வேணாம், டீச்சர்.”

சொந்த மகளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்பதற்காக மசாயோ போட்ட விதி அது. மற்ற பிள்ளைகளைவிட ஷிஹோவைத்தான் அவள் அதிகம் திட்டுவாள். அது மசாயோவுக்கும் தெரியும்.

“ஏன் வேணாம்?”

“மடிச்சா அது எடுத்துட்டுப் போயிடுது.”

மசாயோ நிமிர்ந்து பார்த்தாள். ஏணிக்கு அருகில், சாமான் அறையை ஒட்டிய பக்கத்தில், சுவரில் குண்டூசிகள் மட்டும் இருந்தன. இப்போதுதான் குத்திவிட்டு இறங்கிய மீன்கள் அங்கே இல்லை. மற்றவை எல்லாம் மறுபடியும் இடப்பக்கம் திரும்பியிருந்தன. வெற்று முகங்கள். எல்லாம் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து, ஒன்றை ஒன்று முட்டுகிற மாதிரி நெருங்கி.

தலைக்குள் ஒரு நரம்பு அறுந்த மாதிரி கோபம் வந்தது. “கெங்கோ! போதும் உன் விளையாட்டு! நாளைக்கு உங்கப்பா முன்னாடி சொல்றேன், பாரு. நான் இங்க நாய் மாதிரி உழைக்கிறேன், உனக்குக் கேலியா இருக்கா?”

கெங்கோ மேசையிலிருந்து பின்னால் நகர்ந்தான். “நான் இல்ல டீச்சர்… சத்தியமா நான் இல்ல.”

“அவன் திருப்பல,” என்றாள் ஷிஹோ மெல்ல. “யாரும் திருப்பல. அதுங்களே பயந்து திரும்பிக்குது.”

“நீ வாயை மூடு.”

ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லும் இசை ஒலித்தது. மழையில் அது நீருக்கடியிலிருந்து வருவதுபோல் இழுபட்டு, துறைமுகப் பக்கம் தேய்ந்து அடங்கியது. அடங்கியதும் மறுபடி அந்தச் சத்தம். சர்ர்ர். நகம். காகிதம். பொறுமையாக.

மசாயோ எழுந்தாள். கோபம்தான் அவளை எழுப்பியது. கோபம் இல்லாவிட்டால் அவள் அந்தக் கதவருகே போயிருக்க மாட்டாள்.

“அம்மா, திறக்காத,” என்றாள் ஷிஹோ.

திறந்தாள்.

கடல் வற்றும்போது சேற்றிலிருந்து எழும் வாடை முகத்தில் அடித்தது. விளக்குப் பொத்தானைத் தட்டினாள். குழல்விளக்கு இரண்டு முறை துடித்துவிட்டு எரிந்தது. உடற்பயிற்சிப் பாய்கள். திருவிழா விளக்குகள். குடிநீர்ப் பெட்டிகள். ஆள் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. எலி கடித்த தடமும் இல்லை. தரை நடுவில் மட்டும் காணாமல் போன மீன்கள் கிடந்தன. மீன்களாக இல்லை. ஒவ்வொன்றும் முழுதாகப் பிரிக்கப்பட்டு, மறுபடி சதுரக் காகிதமாகி, சுருக்கமில்லாமல் நீவிவிடப்பட்டு, விளிம்போடு விளிம்பு சேர ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தது. காகிதங்கள் ஊறிப்போயிருந்தன. வரைந்த கண்கள் மட்டும் கரைந்து கறுப்பாக வழிந்திருந்தன.

குனிந்து எடுத்தாள். மேல் காகிதத்தில் அவள் சொல்லிக் கொடுத்த மடிப்புகளின் கோடுகள் தெரிந்தன. அவற்றுக்கு ஊடே அவளுக்குத் தெரியாத வேறு கோடுகளும் இருந்தன. நெருக்கமாக, நுணுக்கமாக, எந்த மீனுக்கும் தேவைப்படாத கோடுகள். யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு வேறு எதையோ மடித்துப் பழகியிருக்கிறார்கள்.

விளக்கு அணைந்தது. கழுத்தின் பின்னால் சில்லென்று ஏதோ பட்டது. கூரை ஒழுகுகிறது, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேகமாக வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

சத்தம் நின்றுவிட்டது. அறைக்குள்ளிருந்து இப்போது எதுவும் கேட்கவில்லை. சேற்று வாடை மட்டும் போகவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. மீன் சந்தையில் வேலை செய்யும் கெங்கோவின் அப்பா, ரப்பர் காலணியோடு, மழையைச் சபித்துக்கொண்டே கண்ணாடிக் கதவைத் தள்ளினார். “மன்னிச்சுக்கங்க டீச்சர், ரோடெல்லாம் ஆறு மாதிரி ஓடுது. மினோரியையும் நானே கூட்டிட்டு வரேன்னு அவங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்.” பிள்ளைகள் இருவரும் வழக்கமாகச் சொல்லும் வணக்கம்கூடச் சொல்லாமல், பைகளைத் தூக்கிக்கொண்டு அவர் காலுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டார்கள். “டேய், டீச்சருக்குச் சொல்லிட்டு வா.” கெங்கோ தலையை ஆட்டி மறுத்தான். அவன் கண்கள் மசாயோவின் முகத்தில் இல்லை. அதற்கு ஒரு சாண் பக்கத்தில் இருந்தன.

“என்ன டீச்சர், தோளெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு? கூரை ஒழுகுதா?”

“ஆமா… சாமான் ரூம்ல.”

அவர் மூக்கைச் சுளித்தார். நாள் முழுக்க மீனோடு புரளும் மனிதர். அவசரமாகப் பிள்ளைகளைக் கதவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனார். வண்டி கிளம்பிய சத்தம் மழையில் கரைந்தது.

மசாயோ சுவரைப் பார்த்தாள்.

வலக்கோடியில் மிஞ்சியிருந்த மீன்கள் மறுபடி பவளப்பாறையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. கண்கள் வெளியே தெரிந்தன. ஒரு கணம் நிம்மதி. பிறகு இடக்கோடியைப் பார்த்தாள். அங்கிருந்தவை வாசலைப் பார்த்தபடியே இருந்தன. இரண்டு கூட்டமும் நடுவில் பிரிந்திருந்தன. பிரிந்த இடம், அவள் நின்ற இடத்துக்கு நேர் எதிரே.

இடது பக்கம் நான்கு அடி நகர்ந்தாள். கண் இமைத்தாள். காகிதம் சலசலத்தது. பிளவு அவளோடு நகர்ந்திருந்தது.

அவை இப்போது சாமான் அறையைக் கண்டு பயப்படவில்லை. அவளைக் கண்டுதான்.

“ஷிஹோ,” என்றாள். “பையை எடு. வீட்டுக்குப் போலாம்.”

ஷிஹோ கண்ணாடிக் கதவோரம், இவளுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“ஷிஹோ, உன்னத்தான்.”

மகள் அசையவில்லை. மசாயோ சுற்றிப் போய் அவள் முகத்துக்கு எதிரே நின்றாள். ஷிஹோ திரும்பிக்கொண்டாள். இன்னொரு பக்கம் போனாள். மறுபடி திரும்பிக்கொண்டாள். சின்னத் தோள்கள் காதுவரை உயர்ந்திருந்தன.

“என்னைப் பாருடி! அம்மா திட்டினதுக்குக் கோவமா? இனிமே திட்ட மாட்டேன். இங்கயும் அம்மான்னே கூப்பிடு. சரியா? திரும்பு.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“உன்னைப் பாத்தா அதையும் பாக்கணும்.”

மழை. வேறு சத்தம் இல்லை.

தோள் கனத்தது. ஈரத்துணி கனக்கிற மாதிரி இல்லை. தூங்கும் குழந்தையை முதுகில் சுமந்தால் கனக்குமே, அப்படி. சேற்று வாடை. மிக அருகில்.

திரும்பிப் பார்க்கக் கூடாது. ஓடினால் மகளை நோக்கித்தான் ஓட வேண்டும். கதவு மகளுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இதைச் சுமந்துகொண்டு மகளருகே போவதா?

“ஷிஹோ,” என்றாள், உதடு மட்டும் அசைய. “கண்ணை மூடிக்கோ. கதவைத் தள்ளிட்டு வெளிய ஓடு. பக்கத்துக் கடைக்கு ஓடு. அம்மா வரமாட்டேன். ஓடு.”

ஷிஹோ கண்ணை இறுக மூடிக்கொண்டு கையால் துழாவினாள். கதவு திறந்தது. மழையின் இரைச்சல் உள்ளே பாய்ந்தது. சின்னக் காலடிகள் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு தொலைந்தன. கதவு தானாக மூடிக்கொண்டது.

மழை மேகத்தில் வெளியே முன்னதாகவே இருட்டிவிட்டிருந்தது. கண்ணாடியில் கூடம் முழுவதும் தெரிந்தது. மேசை. சிதறிய காகிதங்கள். நீலச் சுவர். நடுவில் அவள்.

அவள் தோளுக்கு மேலாக இரண்டு கைகள் முன்னால் வந்தன. வெளுத்து, ஊறி, சுருங்கிய சின்ன விரல்கள். அவை அவளுடைய சட்டைக் காலரை மெல்லப் பிடித்தன. மூலையோடு மூலை சேர்த்தன. நகத்தால் அழுத்தித் தேய்த்தன.

சர்ர்ர்.

நல்ல மடிப்பு.

பிறகு அந்த விரல்கள் காலரை விட்டுவிட்டு, அவள் காது மடலின் விளிம்பைப் பிடித்து, பொறுமையாக, உள்பக்கமாக வளைக்கத் தொடங்கின.