சீட்டுக்கடியில் மூன்று நாள்!

போன் அலறியது.

பிரேக் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த ஸ்பானர் அக்கா, கிரீஸ் படாத முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள். தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும்.

"ஸ்கூட்டர் சீட்டு திறக்க மாட்டேங்குது! எலக்ட்ரிக் லாக்... ரொம்ப அர்ஜெண்ட்!"

ஆண் குரல். மூச்சு வாங்கியது.

"பட்டனை அமுக்கினா 'டிக்'னு சத்தம் வருதா?"

"வரல."

"ஹாரன்?"

"அடிக்குது."

"அப்ப பேட்டரி உயிரோட இருக்கு. ஃபியூஸ் போயிருக்கலாம். கொண்டு வாங்க."

"வரேன்... ஆனா ஒண்ணு. சீட்டைத் திறந்ததும் நீங்க தள்ளிப் போயிடணும். உள்ள இருக்கறதை நான்தான் எடுப்பேன்!"

லைன் கட்.

கால் மணி நேரத்தில் வந்தது...

வண்டி அல்ல. நாற்றம்!

வண்டி அதற்குப் பின்னால்தான் வந்தது. எதிர்க்கடை தையற்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். அக்காவுக்குக் காலையில் தின்றது தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வாயில் ஏதோ மிட்டாய். அந்த நாற்றத்திலும் சப்பிக்கொண்டிருந்தான்!

"என்ன சார்... உள்ள எதையாச்சும் சாகடிச்சு வெச்சிருக்கீங்களா?"

மிட்டாய் ஒரு வினாடி நின்றது. பிறகு மறுபடி வாயில் உருண்டது.

"பொண்டாட்டி வண்டி. மீன் கீன் வாங்கி மறந்திருப்பா. நான் மூணு நாளா வெளியூர். இன்னிக்குத்தான் வந்தேன். வீடு பூட்டிக் கிடக்கு. மாமியார் வேற தவறிட்டாங்க..."

"அடப்பாவமே! எப்போ?"

"அதுவும் மூணு நாளாச்சு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு நாளா? காரியத்துக்குக்கூடப் போகலையா சார்?"

"அதெல்லாம் பொண்டாட்டி பாத்துப்பா. நான் மூணு மணிக்கு வக்கீல் ஆபீஸ்ல இருக்கணும். மாமியார் எழுதின உயில் இந்தச் சீட்டுக்குள்ள இருக்கு. பத்திரமா இருக்கட்டும்னு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி நான்தான் வெச்சேன். நீங்க வேலையைப் பாருங்க!"

சீட்டின் ஓரத்தில் கடப்பாரை நெம்பிய தழும்புகள். நெம்பியவனுக்குப் பொறுமையும் இல்லை, பலமும் இல்லை.

அக்கா துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு குனிந்தாள்.

ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கம்பி அறுபடவில்லை. முன் பேனலைக் கழற்றி ஸ்விட்சில் டெஸ்ட் லைட்டை வைத்தாள். எரிந்தது. அங்கிருந்து பின்னால் போகிற வயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தாள். எங்கும் வெட்டு இல்லை, கருகல் இல்லை.

"சீட்டு வரைக்கும் கரண்ட் வருது சார். கோளாறு உள்ள இருக்கு."

"உள்ளயா? திறந்தாத்தானே உள்ள பாக்க முடியும்?"

"அதான் சிக்கல். பின் லைட்டைக் கழட்டிட்டு, அந்தச் சந்து வழியா லாக்கோட கொக்கியை இழுக்கணும்."

"இழுங்க!"

மூன்று ஸ்க்ரூ. பின் லைட் கையோடு வந்தது. சந்தின் வழியாக நாற்றம் நேராக முகத்தில் அறைந்தது. அக்காவின் கண்ணில் நீர் கட்டியது. வளைத்த கம்பியை உள்ளே விட்டாள். தேடினாள். சிக்கியது. இழுத்தாள்...

டக்!

சீட் எகிறியது.

ஈக்கள் குப்பென்று கிளம்பின.

உள்ளே சுருட்டித் திணித்த படுக்கை விரிப்பு. அதில் திரிந்து காய்ந்த வாந்தி. வாந்தியின் மேல் நெளிந்துகொண்டிருந்த வெள்ளைப் புழுக்கள். நடுவில் ஒரு டம்ளர்... அடியில் நீலப் பச்சையாக வண்டல்!

அந்த நிறம் அக்காவுக்குத் தெரியும். வயரைக் கடிக்கும் எலிகளுக்கு அவளே மாதா மாதம் வைக்கிற மருந்து.

இன்னொன்றும் தெரிந்தது. பெட்டிக்குள் லாக்குக்குப் போகும் வயர் இரண்டு துண்டு. எலி கடித்தால் நார் நாராகப் பிய்ந்திருக்கும். இது கத்தரியால் ஒரே வெட்டு. யாரோ சீட்டைத் திறந்து, வேண்டுமென்றே வெட்டிவிட்டு, அறைந்து மூடியிருக்கிறார்கள்...

யாரும் திறக்கக்கூடாது என்று!

"தள்ளுங்க!"

அவன் பாய்ந்தான். வாந்தியில் ஒட்டிக்கிடந்த பிளாஸ்டிக் உறையைப் பிய்த்தான். ஒரு புழுவைச் சுண்டிவிட்டான். உறையைக் கால்சட்டையில் துடைத்து...

முத்தமிட்டான்!

'த்தூ! இவனும் ஒரு மனுசனா!' அக்கா துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினாள். புழுவைப் பார்த்து வராத குமட்டல் அந்த முத்தத்தைப் பார்த்து வந்தது.

அப்புறம்தான் அவன் டம்ளரைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"அக்கா... இந்த மூட்டையை இங்கயே கொளுத்திடலாம். பெட்ரோல் இருக்கில்ல? எவ்வளவு வேணும்னாலும் தரேன்."

"கொளுத்திடலாம் சார். அதுக்கென்ன!"

சொல்லிக்கொண்டே சீட்டைப் பிடித்தாள். ஓங்கி ஒரே அறை.

டக்!

பூட்டிக்கொண்டது.

"ஏய்! என்ன பண்ணிட்டே?"

"கை வழுக்கிடுச்சு சார். நாத்தம் தாங்கல. மறுபடி கம்பி விட்டு எடுக்கணும், அரை மணி ஆகும். இருங்க, புது லாக்குக்கும் சொல்லிடறேன்."

போனை எடுத்தாள். மறுமுனையில் அவளுடைய அக்கா புருஷன். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு.

"மாமா, ஒரு லாக் அர்ஜெண்டா வேணும். பழசு ரொம்ப நாறுது. எலி மருந்து வேற சிந்திக் கிடக்கு. ரெண்டு பேரா வந்தாத்தான் தூக்க முடியும்!"

மாமா ஒரே கேள்விதான் கேட்டார். "வெள்ளைச் சட்டையா?"

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆமா மாமா... அதே மாடல்தான்."

அவள் திரும்பியபோது அவன் கையில் வீல் ஸ்பானர். மிட்டாயைத் துப்பியிருந்தான்.

"எலி மருந்துன்னு உனக்கு யாருடி சொன்னா? திற!"

"தி... திறக்கறேன் சார்."

கம்பியை உள்ளே விட்டாள். கொக்கி சிக்கியது. வேண்டுமென்றே நழுவ விட்டாள். மறுபடி சிக்கியது. மறுபடி விட்டாள். பிடரியில் அவன் மூச்சு சுட்டது.

"விளையாடறியா?"

ஸ்பானர் உயர்ந்தது...

பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடுங்கியது.

ஏட்டு! கூடவே வந்த இன்ஸ்பெக்டர் அவன் முன்னால் நின்றார்.

"காலைலேர்ந்து உன்னைத்தான்யா தேடறோம். வீட்டுக்குப் போனா ஆளும் இல்ல, வண்டியும் இல்ல. வெள்ளைச் சட்டை போட்டுட்டு வண்டியைத் தள்ளிட்டுப் போனேன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. பொண்டாட்டி புகார் குடுத்திருக்கா. மாமியாருக்கு எலி மருந்து குடுத்தியா?"

அவன் ஒரு கணம்தான் தடுமாறினான். பிறகு சிரித்தான். சொத்தைப் பல்.

"நிரூபிங்க சார்! டம்ளர்ல இருந்தது எலிக்கு வெச்சது. மாமியாரை எரிச்சு மூணு நாளாச்சு. சாம்பல் வந்து சாட்சி சொல்லுமா?"

"எரிச்சாச்சுன்னு உனக்கு யார் சொன்னது?"

"என் பொண்டாட்டிதான் போன்ல அழுதா... 'அம்மா போயிட்டாங்க'ன்னு!"

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். தன் செல்போனை நீட்டினார். வீடியோவில் அவன் மனைவி. தூக்கமில்லாமல் சிவந்த கண்கள்.

"'அம்மா போயிட்டாங்க... கோமாவுக்கு'ன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள, 'சரி, காரியத்தை முடிச்சிடு, எனக்காகக் காத்திருக்காதே'ன்னு வெச்சிட்டீங்க. நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன்னுகூடக் கேக்கலையே! ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்கும்போதே, நீங்க வந்து அழிச்சிடக் கூடாதுன்னு துணியையும் டம்ளரையும் சீட்டுக்குள்ள போட்டு, வயரை வெட்டி மூடிட்டுத்தான் ஏறினேன். இன்னிக்குக் காலைலதான் அம்மா கண்ணு முழிச்சாங்க!"

"க்... கண்ணு முழிச்சாங்களா?"

செல்போன் அசைந்தது. திரையில் கட்டில். மூக்கில் குழாய். குழாய்க்கு மேலே இரண்டு கண்கள் அவனையே பார்த்தன.

அவன் கையிலிருந்து உறை நழுவி தரையில் மொய்த்த ஈக்களின் மேல் விழுந்தது.

மாமியார் மெல்ல உதட்டைப் பிரித்தார்.

"மருந்தெல்லாம் சரியாத்தான் போட்டிருந்தீங்க மாப்பிள்ளை... பால்ல சக்கரைதான் கொஞ்சம் கம்மி!"