வாத்து திரும்பிப் பார்க்கும் இடம்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், மிச்சமிருக்கும் என் மூன்று பற்களும் இப்போதே உதிரட்டும். வயலின் வாசித்தவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்.

நல்ல மழை. வயலின் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் ஓடிவந்தாள் அவள். ஃபிலிம் சுருளோடு எதிரே வந்தான் புரொஜக்டர் ஓட்டுகிறவன். மோதினார்கள்... சுருள் உருண்டு, அவிழ்ந்து, அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது.

“ஐயோ, அசையாதீங்க! அது கிளைமாக்ஸ்!”

“கண்ண எங்கய்யா வெச்சிருக்கீங்க?”

மழைத்துளி தங்கிய அவள் இமைகளில்தான் வைத்திருந்தான்... அதை எப்படிச் சொல்வது?

படம், ஒரு சிடுமூஞ்சிக் கிழவனையும் அவன் வீட்டில் ஒண்ட வந்த வாத்தையும் பற்றியது. டைரக்டர் பிடிவாதக்காரர். நடிகரையும் வாத்தையும் நாற்பது நாள் ஒரே அறையில் தங்கவைத்த பிறகுதான் கேமராவையே வெளியே எடுத்தார். நடிகர் வசனத்தை மறந்தால் வாத்து எடுத்துக் கொடுத்தது என்பார்கள். அதை மட்டும் நான் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில் திரையில் படம் ஓட ஓடத்தான் வாசிப்பார்கள். கடைசிக் காட்சி. கிழவன் வாத்தைப் பார்த்தான். அவள் வில்லை இழுத்தாள். மேலே கண்ணாடி அறையிலிருந்து மைக்கில் ஒரு குரல்...

“மேடம், வாத்து திரும்பிப் பாத்ததும் ஆரம்பிச்சா நல்லாருக்கும். இப்போ பெரியவர் ஏதோ இரக்கப்படுற மாதிரி இருக்கு. வாத்துக்கும் அவரு வேணும்னு தெரியலையே.”

“மெஷின் ஓட்டுறவர் மெஷின மட்டும் ஓட்டட்டும்!”

அவன் சொன்னது சரி. கோபமே அதனால்தான்.

“அவன் சொன்னபடியே வாசிம்மா” என்றார் டைரக்டர்.

வேண்டுமென்றே பிசகினாள். ஒரு தடவை... நாலு தடவை... ஒன்பது தடவை. அவனும் ஒவ்வொரு தடவையும் சுருளைத் திருப்பிச் சுற்றினான். டேக் சரியாகிவிட்டால் மாலை ரயிலில் அவள் ஊருக்குப் போய்விடுவாள். மூன்று நிமிட வேலைக்குப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டான்.

தகரக் கூரையில் மழை வலுத்தது. பதிவை நிறுத்தினார்கள். அவள் விறுவிறுவென்று மாடியேறினாள்.

“சுத்துறதுக்கு ஏன் இவ்ளோ நேரம்?”

“தெரிஞ்சத ஏன் தப்பா வாசிக்கிறீங்க?”

“மொதல்ல... திமிரு.”

“அப்புறம்?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அப்புறம்... சரியா வாசிச்சிட்டா கிளம்பணுமே.”

அவன் சுருளைக் கீழே வைத்தான்.

“எனக்குப் பேச வராதுங்க, படம் ஓட்டத்தான் வரும். ஆனா நீங்க போயிட்டா... இந்த ரூம்ல என்னால உக்கார முடியாது. என்னைக் கட்டிக்கிறீங்களா?”

அவள் இறங்கிப் போய்விட்டாள்.

மழை விட்டது. பத்தாவது டேக். கிழவன் பார்த்தான்... வில் அசையவில்லை. வாத்து திரும்பியது... அவளும் திரையை விட்டுவிட்டு, மேலே கண்ணாடி அறையைப் பார்த்தபடியே வாசித்தாள். ஒரு பிசகு இல்லை. டைரக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓகே சொன்னார்.

“சார், மேல இருக்கறவர்கிட்ட சரின்னு சொல்லிடுங்க.”

“எதுக்கும்மா சரி?”

“அவருக்குத் தெரியும்...”

அந்தப் படம் வெளிவந்தபோது எனக்கு நாலு வயது. என் பற்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிடாதீர்கள்.