வலது பாக்கெட்

"ஹலோ... போலீஸ் ஸ்டேஷனா?"

"ஆமா. சொல்லுங்க."

"இங்க ஒரு பாடி கிடக்கு சார். வந்து எடுத்துட்டுப் போங்க."

"பாடியா! எங்க? யாரோடது?"

"என் பார்ட்னரோடது. பஸ் டிப்போ பின்னாடி, நாற்காலி மேசைக்கு பாலிஷ் போடற பட்டறை."

"கொலை பண்ணினது யாரு? பார்த்தியா?"

"பார்க்கல சார். பண்ணிட்டிருந்தேன்."

பாலிஷ்காரன் போனை அணைத்தான். பாதி மெருகேறிய நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

எதிரே, மரத்தூளில் முகம் புதைத்துக் குப்புறக் கிடந்தான் லெஃப்ட்டு.

இடது கைக்காரன். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவன் லெஃப்ட்டுதான். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

இனி எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பார்க்க மாட்டான்.

மரச் சுத்தியல் மேசைக்கடியில் உருண்டு கிடந்தது. பாலிஷ்காரன் அதைப் பார்த்தான். அழுகை வரவில்லை.

தொடைதான் அரித்தது. சொறிந்தான்.

பாழாய்ப்போன இந்த அரிப்பில்தான் எல்லாமே ஆரம்பித்தது...

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னாலேயே ஏட்டும், பிணத்தைப் பார்வையிட ஒரு லேடி டாக்டரும்.

ஏட்டு பாலிஷ்காரனை எழுப்பி நிறுத்தித் தடவினார். பேன்ட்டின் வலது பாக்கெட் புடைத்திருந்தது.

"என்னய்யா இது, பிசுபிசுன்னு?"

"பாலிஷ் உருண்டை சார். பஞ்சைத் துணியில சுத்தி, பாலிஷ்ல நனைச்சு வெச்சிருக்கேன். வெளியே வெச்சா காஞ்சிடும். காஞ்ச உருண்டை மரத்தைக் கீறிடும்."

ஏட்டு அதை மேசை மேல் வீசிவிட்டு, விரல்களைச் சுவரில் துடைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எதிரே வந்து நின்றார்.

"எதுக்குய்யா கொன்னே?"

"என் பொண்டாட்டியால சார்."

"அதானே பார்த்தேன். ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தியா?"

"இல்ல."

"யாராவது வந்து சொன்னாங்களா?"

"இல்ல."

"பின்னே?"

"என் உடம்பு சொல்லிச்சு சார்."

இன்ஸ்பெக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டாக்டர் பிணத்தின் பக்கம் குனிந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டார்.

பாலிஷ்காரன் சொன்னான்.

போன மாதம் தொடையில் சிவப்பாய் ஒரு தடிப்பு. முதலில் வேர்க்குரு என்று விட்டுவிட்டான். அது பரவியது. கொப்புளம் வைத்தது. நீர் வடிந்தது.

"போன்ல தேடினேன் சார். படம் படமாக் காட்டிச்சு. தப்பான சகவாசத்துல வர்ற வியாதின்னு போட்டிருந்துது. எனக்கு உசிரே போயிடுச்சு. அவளைத் தவிர இன்னொருத்தி நிழல்கூட எனக்குத் தெரியாது சார். அப்போ எனக்கு எப்படி வரும்? யார் கொண்டாந்தது?"

"டாக்டர்கிட்ட போறதுக்கு என்ன கேடு?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்? பேன்ட்டை அவுத்துக் காட்டினா, எங்கயோ மேஞ்சிட்டு வந்திருக்கான்னுதானே நினைப்பாங்க."

போகவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்ப் படுத்தான். 'ஏங்க, என்னாச்சு?' என்று மனைவி கேட்டாள். 'புழுக்கமா இருக்கு' என்றான். அவளிடம் கேட்கப் பயம். கேட்டு அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அவளில்லாமல் ஒரு நாளைக்கூட அவனால் நினைத்துப் பார்க்க முடியாது. அதுதான் உண்மை.

ஒரு நாள் சாப்பாடு பரிமாறும்போது அவள் விரல்களைக் கவனித்தான். இடுக்கெல்லாம் அதே சிவப்பு! அதே கொப்புளம்! அவன் பார்ப்பது தெரிந்ததும் கையைச் சட்டென்று துண்டுக்குள் மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் பட்டறையில் லெஃப்ட்டு தொடையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"மூணு பேருக்கும் ஒரே வியாதி சார். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? போதாக்குறைக்கு, நான் டெலிவரிக்குப் போற நேரம் பார்த்து இவன் என் வீட்டுக்குப் போறான். நான் உள்ளே நுழைஞ்சா ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திடறாங்க. இன்னிக்கு மத்தியானம் வந்தான். 'அண்ணே, அண்ணிக்கும் எல்லாம் தெரியும். கோவப்படாம கேளு, உனக்கு வந்திருக்கே, அது...' அப்படின்னான். அதுக்கு மேல நான் கேக்கல சார்."

"சுத்தியலை எடுத்துட்டே."

"எடுத்துட்டேன்."

டாக்டர் பிணத்தின் பேன்ட்டைத் தளர்த்தித் தொடையைப் பார்த்தார்.

டாக்டர் எழுந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"உங்க தடிப்பைக் காட்டுங்க."

"வேணாம்மா..."

"கொலையையே ஒத்துக்கிட்டீங்க. இதுக்கு என்ன வெக்கம்? அந்தப் பக்கம் திரும்பி நின்னு காட்டுங்க."

காட்டினான். வலது தொடை மட்டும். கட்டம் கட்டினாற்போல் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. இடது தொடையில் பொட்டுக்கூட இல்லை.

"இறந்தவருக்கும் இதே அளவு, இதே வடிவம். ஆனா இடது தொடையில." டாக்டரின் குரல் இறங்கியது. "பாலிஷ் உருண்டையை எந்தப் பாக்கெட்ல வைப்பீங்க?"

"வலது."

"அவர்?"

பாலிஷ்காரன் லெஃப்ட்டின் இடது கையைப் பார்த்தான்.

"அவன்... அவன் லெஃப்ட்டும்மா."

"பாலிஷ் ஏதாவது புதுசா மாத்தினீங்களா?"

"போன மாசம்... புது டப்பா. சீக்கிரம் காயும்னு வாங்கினோம்."

"நீங்க பயந்த வியாதி பாக்கெட் பார்த்து வராதுங்க. வேணும்னா ரத்தத்தையும் சோதிச்சுடறேன், சந்தேகம் வேணாம். ஆனா இது அந்த டப்பாவோட வேலை. நாள் பூரா துணி வழியா ஊறி ஊறித் தோலை அரிச்சிருக்கு."

"அப்போ என் பொண்டாட்டி கை?"

"உங்க பேன்ட்டை யார் தோய்க்கிறாங்க?"

அவள்தான். மெஷினில் போட்டால் பிசுக்கு போகாது என்று தினமும் கையால் கசக்கிப் பிழிகிறவள் அவள்தான்!

பாலிஷ்காரன் மரத்தூளில் அப்படியே உட்கார்ந்தான். உருண்டையைக் காயவிடாதே, பாக்கெட்டிலேயே வைத்துக்கொள் என்று லெஃப்ட்டுக்குச் சொன்னதே அவன்தான். அந்தத் தடிப்பைக் கொடுத்ததும் அவன். அதற்காகக் கொன்றதும் அவன்.

ஏட்டு ஒரு பையோடு வந்தார். "சார், செத்தவன் கொண்டாந்த பை போலிருக்கு. வாசல்கிட்ட கிடந்துது."

இன்ஸ்பெக்டர் அதை மேசை மேல் கவிழ்த்தார்.

மூன்று ஜோடி ரப்பர் கையுறை. மூன்று களிம்பு ட்யூப்.

அப்போதுதான் வாசலில் அவன் மனைவி வந்து நின்றாள். யாரோ தகவல் சொல்லி, வீட்டுச் செருப்போடு ஓடி வந்திருந்தாள். தரையில் கிடந்தவனைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எனக்கும்தாங்க அந்தச் சந்தேகம் வந்துது."

மெதுவாகத்தான் பேசினாள்.

"நீங்க ஹாலுக்குப் போய்ப் படுத்தீங்க. என் மூஞ்சியப் பார்த்துப் பேசல. என் கையில இது வந்துது. எங்கயோ போயிட்டு வந்து எனக்கும் ஒட்டவெச்சிட்டீங்கன்னு நானும்தான் நினைச்சேன். ராத்திரியெல்லாம் அழுதேன். ஆனா நான் இந்தத் தம்பியைக் கூப்பிட்டு, உங்க அண்ணன் வேற எங்கயாவது போறாரான்னு வாய்விட்டுக் கேட்டேன்."

பாலிஷ்காரன் நிமிர்ந்தான்.

"அது சிரிச்சுது. 'அண்ணனா? உங்களைத் தாண்டி அவருக்கு உலகமே கிடையாது அண்ணி. எனக்கும்தான் இது வந்திருக்கு. நான் போய் என்னோடதைத் தோல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேன். மானம் போனா என் மானம் போகட்டும்'னு சொல்லிட்டுப் போச்சு. இன்னிக்கு விஷயம் தெரிஞ்சதும் முதல்ல எனக்குப் போன் பண்ணிச்சு. 'அண்ணன்கிட்ட நானே நேர்ல சொல்றேன், அவர் மூஞ்சியைப் பார்க்கணும்'னு அவ்வளவு சந்தோஷமா..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. லெஃப்ட்டின் அருகில் உட்கார்ந்து அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள்.

"ஒரு வார்த்தை..." பாலிஷ்காரன் முனகினான். "உன்கிட்ட ஒரு வார்த்தை நான்..."

"நான் ஆயிரம் வார்த்தை பேசக் காத்துக்கிட்டிருந்தேனே."

அவள் திரும்பவே இல்லை.

இப்போது அழுதான் பாலிஷ்காரன். மூக்கு ஒழுக, வாய் கோண, வெட்கமே இல்லாமல் அழுதான். அவள் அவனுக்குத் துரோகம் செய்யவில்லை. கொஞ்ச நேரம் முன்பு தெரிந்திருந்தால் ஊரையே கூட்டிக் கொண்டாடியிருப்பான்.

இன்ஸ்பெக்டர் அவனை அழவிட்டார். பிறகு தோளைத் தொட்டார். "போலாம்யா."

எழுந்தான். மேசையைத் தாண்டும்போது, இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக நீண்டது. ஈர உருண்டையை எடுத்து வலது பாக்கெட்டுக்குள் திணித்தது.

இன்ஸ்பெக்டர் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். உருண்டையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு விலங்கை மாட்டினார்.

"களிம்புகூட வேணாம்யா, தானா ஆறிடும். உள்ளே குடுக்கிற டவுசர்ல பாக்கெட்டே கிடையாது."