அடியில் ஒரு கைப்பிடி

“கூடை காலின்னு எழுதி ஊருக்கே காட்டுவியா நீ?”

“இது மெசின் கூடைங்க அத்தை. வெறும் படம்.”

“படமா இருந்தா வாய் இருக்காதா?”

மலைமேல் அரியூர் நாட்டு ஊரில் அன்று மதியம் அந்த வீட்டுச் சத்தம் மூன்று வயல் தாண்டிக் கேட்டது. கேட்காதவர்களுக்கும் பிறகு விவரமாகச் சொல்லப்பட்டது.

மருமகள் ராதிகா நாமக்கல்லில் கம்ப்யூட்டர் படித்தவள். 2002-இல் மலைக்கு மேல் அது ஒரு பதவி மாதிரி. முள்ளுக்குறிச்சி மிளகு வியாபாரி நசீர் அகமது இணையத்தில் கடை போட ஆசைப்பட்டு, ஒரு கம்ப்யூட்டரை அவளிடம் கொடுத்திருந்தார். வாங்குகிறவர் தேர்ந்தெடுக்கும் பொருள் திரையிலிருக்கும் கூடையில் சேர வேண்டும், அதுதான் வேலை. எட்டிப் பார்த்த மாமியார் பொன்னம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தது, ‘உங்கள் கூடை காலி’.

மிளகைக் கொட்டினாலும் கூடையின் அடியில் ஒரு கைப்பிடி விட்டுவைப்பது அந்த வீட்டு வழக்கம். ஒன்றுமே இல்லையென்றால் கவிழ்த்து வைப்பார்கள். வாய் திறந்த வெறுங்கூடை தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளுமாம்.

மாமியார் வாயை மூட ராதிகா ஒரு வரி எழுதிச் சேர்த்தாள்: கூடை காலியானால், பட்டியலில் முதலில் உள்ளதை எடுத்துப் போடு. சரக்குப் பட்டியலை நசீர் அகமது இன்னும் அனுப்பவில்லை. சோதித்துப் பார்க்க வீட்டு ஆட்களையே சரக்காக்கினாள். பொன்னம்மாள், ஒன்று. நான்கு வயது மகள் கோகிலா, ஒன்று. கணவன் சதீஷ்குமாரைச் சேர்க்கவில்லை. அந்த வாரம் அவனோடு பேச்சில்லை. காரணம் வேறு கதை.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கி, ஜன்னல் கம்பிகளுக்கிடையே ஈரச் சாக்கு வாசனையோடு நுழைந்து, பக்கத்துப் பாயில் சிவப்பு ரிப்பனோடு தூங்கிக்கொண்டிருந்த கோகிலாவின் நெற்றிவரை வந்து நின்றது. முற்றத்தில் பொன்னம்மாள் மிளகு புடைக்கும் முறத்தின் சரக் சரக் சத்தத்தையும், இடையிடையே தன்னைத் திட்டும் முணுமுணுப்பையும் கேட்டபடியே ராதிகா வேலை செய்தாள். திரையில் ஒரு வரி வந்தது.

‘பொன்னம்மாள் – 1. ஆர்டர் ஏற்கப்பட்டது.’

சிரிப்புதான் வந்தது. இந்தப் பக்கத்தை இவளைத் தவிர யாராலும் திறக்க முடியாது. இணையத்துக்கான டெலிபோன் ஒயர் இன்னும் மாட்டப்படாமல் சுவர் ஆணியில் சுருண்டு தொங்கியது.

அப்படியானால் ஏற்றுக்கொண்டது யார்?

முறத்தின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

“அத்தை?”

முற்றத்தில் முறம் கிடந்தது. மிளகு சிதறியிருந்தது. கவிழ்த்து வைத்த கூடை நிமிர்ந்திருந்தது. குனிந்து பார்த்தாள். அடியில் ஒரு கைப்பிடி நரைமுடி. தேங்காயெண்ணெய் வாசனை. தொட்டால் இளஞ்சூடு.

உள்ளே ஓடினாள். பட்டியலில் பொன்னம்மாள் இல்லை.

கூடையில்: ‘கோகிலா – 1.’

தான் சேர்த்த வரியை அழித்தாள். பெயர் போகவில்லை. பட்டியலிலிருந்தே மகளை அழித்தாள். திரும்ப வந்தது. மின்சார ஒயரைப் பிடுங்கினாள். ஒயர் கையில் இருந்தது. திரை எரிந்தது.

பாயைப் பார்த்தாள். குழந்தை மூச்சு விட்டது. பனி அதன் கழுத்துக்கு வந்திருந்தது.

முதலில் உள்ளதைத்தானே எடுக்கும். கோகிலாவுக்கு மேலே ஒரு பெயரை அடித்தாள்.

‘ராதிகா – 1.’

திரை ஏற்றுக்கொண்டது. பின்னங்கழுத்தில் ஈரமாக ஏதோ பட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தனக்குப் பிறகு பட்டியலில் மிச்சம் ஒரே ஒரு பெயர். மிளகு என்று அடிக்கப் போனாள். மி. விரல் இல்லை. கை இல்லை.

சதீஷ்குமார் வந்தபோது குழந்தை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. ராதிகா நாமக்கல்லில் எவனையோ நம்பிப் போய்விட்டாள் என்று ஊர் முடிவு செய்தது. மாமியாரையும் கூட்டிக்கொண்டா என்று யாரும் கேட்கவில்லை.

அவன் மகளைத் தூக்கிக்கொண்டு காரவள்ளிக்கு இறங்கிப் போனான். ஆறாம் மாதம் ராமாயியைக் கட்டினான். கம்ப்யூட்டரை நசீர் அகமது திரும்ப எடுத்துப்போய், மின் இணைப்பே இல்லாத குடோனில் சாக்கு போட்டு மூடினார். கல்யாணத்தன்று சாக்குக்கடியில் வெளிச்சம் தெரிந்ததையும், திரையில் ‘உங்கள் கூடை காலி’ என்றிருந்ததையும் அவர் மனைவி நஸீம் பானுவிடம் மட்டும் சொன்னார். ஊருக்குத் தெரிய அது போதும்.

மறுநாள் விடிந்ததும் கோலம் போடக் கதவைத் திறந்தாள் ராமாயி. மலை வீட்டிலேயே விட்டுவந்த மிளகுக் கூடை வாசலில் நிமிர்ந்து நின்றது. அடியில் ஒரு கைப்பிடி. சின்னக் கைப்பிடி. கருமுடி.

சிவப்பு ரிப்பன் இன்னும் அவிழவில்லை.