பதினோரு கன்றுகளும் ஓசித் தண்ணீரும்

பதினோரு மரக்கன்றுகளைப் பத்தே நாளில் கருக வைக்க முடியுமா? முடியும். ஆம்பூரில் ஆறாம் வகுப்பு படிக்கும் புகழேந்தி அதைச் செய்து காட்டினான். ஒருநாள்கூட லீவு போடாமல், வேர்க்க விறுவிறுக்க உழைத்துச் செய்தான்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை, செய்தது தான்தான் என்பது அவனுக்கே தெரியாது.

இரண்டு கையிலும் வாளியோடு பூங்காவுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். வேம்பு, மகிழம், புங்கன், எல்லாக் கன்றுகளின் இலைகளும் தோசை ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பாகச் சுருண்டிருந்தன. அவன் தன் கையாலேயே நட்ட நாவல் கன்றில் மூன்றே மூன்று இலைகள்தான் மிச்சம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று விழுந்தது.

“பட்டம்மாக்கா! அக்கா! ஓடி வாங்க!”

“எதுக்கு?”

பட்டம்மாள் அந்தப் பூங்காவைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் நகராட்சி ஊழியர். அவரிடமிருந்து நேரான பதிலை வாங்கியவர் அந்தத் தெருவிலேயே கிடையாது. “மணி என்னக்கா?” என்றால், “ஏன், ரயிலுக்குப் போறியா?” என்பார். “சாப்ட்டீங்களா அக்கா?” என்றால், “இல்லன்னா ஊட்டி வுடப் போறியா?” என்பார்.

துடைப்பத்தோடு மெதுவாக வந்தவர், நாவலைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார்.

“அக்கா, இது பிழைக்குமா?”

“நான் இன்னா டாக்டரா?” என்றார். ஆனால் அவர் குரல் எப்போதும்போல இல்லை.

அந்தக் கன்றுகள் போன மழைக்காலத்தில் நட்டவை. ஆட்டோ ஓட்டும் தணிகைவேல் அண்ணன் தெருவில் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து ‘ஞாயிறு மரக்குழு’ ஆரம்பித்தார். தெருக்குழாயில் காவேரித் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை வரும். அன்றைக்கு வீட்டுக்கு ஒரு குடம் கன்றுகளுக்கு என்று பேச்சு. பூங்காவிலிருந்த போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. அதில் சோப்புகூட நுரைக்காது.

வெயில் ஏறியது. குடம் சொம்பாகியது. சொம்பு டம்ளராகியது.

“மரமே எல்லாத்தையும் குடிச்சிட்டா நாம எதைடா குடிக்கிறது?” என்றாள் புகழேந்தியின் அம்மா கலையரசி. ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தைத்துவிட்டு வந்து, குழாயடியிலும் நிற்பவள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

அப்போதுதான் புகழேந்திக்கு அந்த அபார யோசனை வந்தது. (அவனுடைய அபார யோசனைகளைப் பற்றி அவன் வகுப்பில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஸ்கூல் மணியில் மாட்டிய பலூன் ஒரு கதை.)

அவன் தோழி அம்பரீனின் மாமு சுஹேல் அகமது கேன் தண்ணீர் கம்பெனி வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு டியூப். அதிலிருந்து நாளெல்லாம் கண்ணாடி மாதிரி தண்ணீர் சாக்கடையில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

“பாய், இந்தத் தண்ணிய நான் எடுத்துக்கட்டுமா? தணிகை அண்ணனுக்கு வேணும்.”

“எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கோ. வேஸ்ட்டாதான் போவுது,” என்றார் சுஹேல் பாய்.

அன்று முதல் தினம் கன்றுக்கு ஒரு வாளி. நாவலுக்கு மட்டும் பாசத்தில் கூடுதலாக ஒரு வாளி. “இனிமே யாரும் குடம் தூக்க வேணாம், நான் பாத்துக்கறேன்,” என்று மரக்குழுவில் அறிவித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். தணிகைவேல் அண்ணன் அவனுக்குத் ‘தண்ணீர் அமைச்சர்’ என்று பட்டம் கொடுத்தார். எங்கிருந்து தண்ணீர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓசியில் வேலை நடந்தால் யார்தான் கேட்பார்கள்?

இப்போது அமைச்சரின் நாட்டில் பதினோரு பேரும் சாகக் கிடந்தார்கள்.

அம்பரீன் ஓடி வந்தாள். “யா அல்லா! இன்னாடா ஆச்சு?”

“யாரோ விஷம் வெச்சிட்டாங்க. அங்க பாரு!”

கன்றுகளின் அடியில் மண்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. புகழேந்தி குனிந்து விரலால் தொட்டான். விரல் தானாக வாயை நோக்கிப் போனது.

அம்பரீன் அவன் கையைத் தட்டிவிட்டாள். “விஷம்னு நீயே சொல்ற, நீயே நக்கப் பாக்கறியே! மூள இருக்கா?”

“ஒரு ருசிக்கு...”

“போய்க் கைய கழுவுடா மொதல்ல!”

அரை மணி நேரத்தில் பூங்கா கேட்டில் ஓர் அட்டை தொங்கியது. கொட்டை எழுத்தில் புகழேந்தி எழுதியிருந்தான்: ‘மரத்தைக் கொல்லும் கயவனே! நீ யார் என்று எங்களுக்குத் தெரியும்! இப்படிக்கு, தண்ணீர் அமைச்சர்.’

“யாருன்னு தெரியுமா உனக்கு?” என்றாள் அம்பரீன்.

“தெரியாது. தெரியும்னு எழுதினாத்தான் பயப்படுவான்.”

பிறகு இருவரும் கயவனைப் பிடிக்கக் கல் பெஞ்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். பதினோரு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. ஓர் ஆடு வந்து அட்டையைப் படித்துவிட்டு அதன் ஓரத்தைத் தின்றது. வேறு யாரும் வரவில்லை.

“தாகமா இருக்கு,” என்றான் புகழேந்தி.

பக்கத்திலேயே அவன் கொண்டுவந்த வாளி இருந்தது. குடிதண்ணீர்க் கம்பெனித் தண்ணீர். சுத்தத்துக்கு என்ன குறை? இரண்டு கையாலும் அள்ளி ஒரு வாய் குடித்தான்.

அடுத்த நொடி அது முழுவதும் பெஞ்சின்மேல் இருந்தது.

“தூ! தூ! உப்பு! கசப்பு! ஐயோ, என் நாக்கு!”

“யாராவது வாளியில எதையாவது கலந்துட்டாங்களா?” என்று அம்பரீன் சுற்றிலும் பார்த்தாள்.

வாளியைக் காலையிலிருந்து புகழேந்திதான் வைத்திருந்தான். டியூபில் பிடித்தவனும் அவன்தான். அவன் கண்கள் வாளியிலிருந்து கன்றுக்குப் போயின. கன்றிலிருந்து வெள்ளைப் படிவுக்குப் போயின. திரும்ப வாளிக்கே வந்தன.

“அம்பரீன்,” என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. “இதைத்தான் பத்து நாளா ஊத்தியிருக்கேன்.”

இருவரும் கம்பெனிக்கு ஓடினார்கள். விஷயத்தைக் கேட்டதும் சுஹேல் பாய் கையிலிருந்த கேன் மூடியை நழுவ விட்டார்.

“செடிக்கா ஊத்தின? நம்ம போர் தண்ணியில எவ்ளோ உப்பு! மெஷின் அதைப் பிரிக்குது. நல்ல தண்ணி கேனுக்குப் போவுது. உப்பு அத்தனையும் எங்க போவும்? இந்த டியூப்லதான் போவும்!”

“நீங்க ஏன் பாய் சொல்லல?”

“தணிகைக்குன்னு சொன்னியேடா! ஆட்டோ கழுவறதுக்குன்னு இல்ல நெனச்சேன்!”

அவர் பேனா மாதிரி ஒரு கருவியை வாளியில் விட்டார். “இது உப்பைக் காட்டுற மீட்டர். நெம்பர் கம்மியா இருந்தா நல்ல தண்ணி.” மீட்டரில் நாலாயிரத்து எண்ணூறு என்று வந்தது. கேன் தண்ணீரில் விட்டார். அறுபது.

புகழேந்தி மீட்டரையே பார்த்தான். “நாவலுக்கு ஒரு வாளி ஜாஸ்தி ஊத்தினேன் பாய்,” என்றான். “எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்னு.”

வெளியே வந்தவன் தெருமுனை ஏ.டி.எம். படியில் உட்கார்ந்துவிட்டான். அம்பரீனும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சிறிது நேரம் கழித்து அவள் சொன்னாள்: “தள்ளி உக்காருடா. தலையில சொட்டுது.”

மேலே இருந்த ஏசி பெட்டியின் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. புகழேந்தி கையை நீட்டி அதைப் பிடித்தான். உற்றுப் பார்த்தான்.

“குடிச்சே, கொன்னுடுவேன்!” என்றாள் அம்பரீன்.

“குடிக்கல. பாய்கிட்ட இருக்கற மீட்டர் குடிக்கட்டும்.”

ஒரு டம்ளர் சேர இருபது நிமிடம் ஆயிற்று. சுஹேல் பாய் மீட்டரை அதில் விட்டார். பார்த்தார். மீட்டரை உதறிவிட்டு மறுபடியும் விட்டார்.

“பதினெட்டு! என் கேன் தண்ணியவிடக் கம்மியாடா!”

அன்றைக்குக் கிடைத்த அதிர்ச்சிகளில் அது ஒன்றுதான் நல்ல அதிர்ச்சி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மரக்குழு முழுவதும் கன்றுகளைச் சுற்றி வாய் பிளந்து நின்றது. ஆடு தின்றது போக மிச்சமிருந்த அட்டையைத் தணிகைவேல் அண்ணன் உரக்கப் படித்தார்.

“யாருப்பா அந்தக் கயவன்? தெரியும்னு எழுதியிருக்கியே!”

புகழேந்தியின் கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பப் பார்த்தன. ஆட்டைக் கைகாட்டலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆடு அப்பாவியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“நான்தான்,” என்றான். “அந்தக் கயவன் நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னான். டியூப், உப்பு, நாலாயிரத்து எண்ணூறு. கலையரசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் தணிகைவேல் அண்ணன்தான் பேசினார். “அது வந்து... வெயிலும் இந்த வருஷம் ஜாஸ்திப்பா.”

“வெயில் இல்லண்ணா.”

“மண்ணும் அவ்ளோ சரியில்ல...”

“மண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. இதெல்லாம் பிழைக்குமா, பிழைக்காதா? அதைச் சொல்லுங்கண்ணா.”

“பாக்கலாம், பாக்கலாம்.”

“மழை வந்தா எல்லாம் சரியாய்டும்,” என்றார் ஒருவர். “மனச வுட்டுடாதே,” என்றார் இன்னொருவர். எல்லோரும் அவன் தலையைத் தடவினார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு.

“அப்ப ஒண்ணு பண்ணலாம்,” என்றான். “மேல இருக்கற உப்பு மண்ண சுரண்டி எடுத்துடணும். அப்புறம் நல்ல தண்ணியா ஊத்தி உப்பை அடியில கழுவி வுடணும். பாய்கிட்ட கேட்டுட்டேன். தண்ணிக்கும் வழி இருக்கு.”

ஏசி தண்ணீர் கதையைச் சொன்னதும் மரக்குழு இரண்டாம் முறையாக வாயைப் பிளந்தது.

அன்று மாலையே அவனும் அம்பரீனும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். மருந்துக்கடை, கிளினிக், செல்போன் கடை என்று கேட்ட இடத்திலெல்லாம் வாளி வைக்க இடம் கிடைத்தது. பிரியாணி ஓட்டல் மேனேஜர் மட்டும் சந்தேகமாகப் பார்த்தார்.

“ஏசி தண்ணியா? எதுக்கு, வேற ஓட்டல்காரன் அனுப்புனானா?”

“மரத்துக்கு அங்கிள்.”

“மரமா? இன்னா மரம்?”

“நாவல். சாகக் கெடக்குது.”

மேனேஜர் உள்ளே பார்த்துக் கத்தினார்: “டேய், அந்த எண்ணெய் டின்ன நல்லா கழுவி ஏசிக்கு அடியில வையி!”

தினமும் காலையில் ஐந்து வாளி சேர்ந்தது. போதாததற்குச் சுஹேல் பாய் நாளுக்கு இரண்டு கேன் நல்ல தண்ணீர் அனுப்பினார். “எதுக்குன்னு நானும் ஒரு வார்த்த கேட்டிருக்கணும் இல்ல?” என்றார். காவேரித் தண்ணீர் வரும் நாளில் கலையரசி இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, மகனைப் பார்க்காமலே கம்பெனி வேன் பிடிக்க ஓடினாள்.

புகழேந்தி தினமும் ஒரே கேள்வியைக் கேட்டான். “பிழைக்குமா?” தினமும் ஒரே பதில்தான் வந்தது. “பாக்கலாம்.”

மூன்றாவது வாரம் வேம்பின் நுனியில் செம்பு நிறத்தில் ஒரு துளிர் வந்தது. அடுத்த நாள் மகிழம். பிறகு புங்கன்கள். அம்பரீன் ஒவ்வொன்றாக எண்ணினாள். பத்துத் துளிர்கள். பதினோராவதை மட்டும் அவள் எண்ணவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாவல் குச்சியாக நின்றது.

புகழேந்தி அதன் அருகே போய் உட்கார்ந்தான். பட்டம்மாள் வந்து அவன் பக்கத்தில் குந்தினார்.

“அக்கா,” என்றான், “‘நான் டாக்டரா’ன்னு கேக்காதீங்க. தணிகை அண்ணன் மாதிரி ‘பாக்கலாம்’னும் சொல்லாதீங்க. இது பிழைக்குமா?”

பட்டம்மாள் நகத்தால் குச்சியின் பட்டையைக் கொஞ்சம் கீறினார். உள்ளே பச்சை இல்லை. அடிப்பக்கம் கீறினார். அங்கும் பழுப்புதான்.

“இல்லடா,” என்றார். “செத்துப்போச்சு. நீ ஊத்துன தண்ணியாலதான் செத்துச்சு. மத்த பத்தும் பிழைச்சிடுச்சி. அதுவும் நீ ஊத்துன தண்ணியாலதான்.”

புகழேந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டான். அழுகையாகத்தான் வந்தது. ஆனாலும் மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று கீழே இறங்கியது.

“அக்கா, இந்தக் குழி மண்ண முழுசா மாத்திட்டு இன்னொரு நாவல் வெச்சா... அதுக்கு நான் தண்ணி ஊத்தலாமா?”

பட்டம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். எதுக்கு என்று கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

“ஊத்து,” என்றார்.