சுவர் பக்கம்

ஆறு மணி நேரம் பத்து நிமிடம் கண்டக்டர் ஒரே பக்கமாகப் படுத்திருந்தார். ஆனால் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டவணைப்படி, அந்த நேரத்துக்குள் அவரை மூன்று முறை திருப்பிப் படுக்க வைத்திருந்தார்கள்.

எட்டு மணி, மல்லாந்து. பத்து மணி, வலது. பன்னிரண்டு மணி, இடது. மூன்றுக்கும் நேராக ஒரே பேனாவில், ஒரே சாய்வில், சின்ன சிஸ்டரின் கையெழுத்து.

பன்னிரண்டு பத்துக்கு மதியச் சாப்பாட்டு வண்டியை அவள் தள்ளிக்கொண்டு போனபோது அவர் இடது பக்கமாகத்தான் கிடந்தார். முகம் தலையணைக்குள் இருந்தது, மூச்சு இல்லை. அட்டவணையும் இடது என்றே சொன்னது. வந்த டாக்டர் அட்டவணையைப் பார்த்தார், வயதைப் பார்த்தார், இதயம் என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்த முதியோர் இல்லத்தில் பதினோரு அறைகள். தாமாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு அழுத்துகிற இடத்தில் தோல் செத்துப் புண்ணாகிவிடும். திருப்பியதும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. காலையில் வந்ததுமே நாள் முழுவதற்கும் கையெழுத்தைப் போட்டுவிடுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். திருப்புவது அப்புறம். பெரும்பாலான நாட்களில் திருப்பவும் செய்தார்கள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘சுவர் பக்கம்’. ஓயாமல் பேசுகிறவர்களை, வேலை மும்முரமான நேரத்தில், சுவரைப் பார்த்துப் படுக்க வைத்துவிடுவார்கள். கதவு கண்ணில் படாது. யார் வருகிறார், போகிறார் என்று தெரியாது. கூப்பிட மாட்டார்கள். யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பக்கத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

கண்டக்டர் ஓயாமல் பேசுகிறவர். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே பிழைத்த மனிதர். பக்கவாதம் அவருடைய வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டு இடது கையை மட்டும் விட்டுவைத்திருந்தது. அந்தக் கையில் ஒரு தடித்த மோதிரம். ஆள் வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் மோதிரத்தால் ஒரு தட்டு. திருப்பி முடித்து உடம்பு சரியாகப் பொருந்தியதும் இரண்டு தட்டு.

“ஒண்ணு தட்டினா வண்டி நிக்கணும், ரெண்டு தட்டினா கிளம்பணும். இது தெரியாம நீயெல்லாம் என்ன டிரைவர், பாப்பா?” என்று சின்ன சிஸ்டரைக் கேலி செய்வார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனால், எதிரில் வருகிறவர்களைப் படியில் தொங்க வேண்டாம், உள்ளே இடம் இருக்கிறது என்று அதட்டுவார். அவளுக்கு அவரைப் பிடிக்கும்.

அன்று இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. பதினோரு அறைக்கும் அவள் ஒருத்திதான். ஆறு மணிக்கு அவரைச் சுவர் பக்கம் போட்டாள். மூன்றாம் அறையில் சுவர் அவருக்கு இடது கைப் பக்கம். எட்டு மணிக்கு அவளால் போக முடியவில்லை. பத்து மணிக்கு அந்த நடைவழியாகப் போனாள்.

பத்து மணியைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் காலையிலேயே மூன்றாம் அறைக்கு ஆள் வந்துவிட்டது. தையல்காரம்மா. மாடிப்படியில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. சின்ன சிஸ்டரின் சீருடையைப் பார்த்ததும், தோள் தையல் இழுத்துக்கொண்டு நிற்கிறது, எந்தப் புண்ணியவான் தைத்தான் என்று விசாரித்தார்.

அறையைக் கழுவி விட்டிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. நல்ல வெயில். இருந்தும் கட்டிலருகே ஒரு வாடை இருந்தது. கை வியர்வையில் நெடுநேரம் கிடந்த சில்லறைக் காசின் வாடை.

ஆறு மணிக்கு அந்த அம்மாவை இடது பக்கமாகப் படுக்க வைத்துவிட்டு, எட்டு மணிக்கு மல்லாத்திப் போடச் சின்ன சிஸ்டர் திரும்ப வந்தாள்.

தையல்காரம்மா மல்லாந்து படுத்திருந்தார்.

முழங்காலுக்குக் கீழே தலையணை. குதிகால் படுக்கையில் படாமல் துணிச்சுருள். போர்வை ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்து விடப்பட்டிருந்தது.

“என்ன சிஸ்டர், மறுபடியுமா? இப்பத்தானே திருப்பிட்டுப் போனாங்க.”

யார் என்று கேட்டாள்.

“முகத்தைப் பாக்கலை. பின்னால நின்னாங்க. கைதான் தெரிஞ்சுது.” தையல்காரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒரே கையாலதான் திருப்பினாங்க சிஸ்டர். இன்னொரு கை சும்மா தொங்கிட்டிருந்துது. துணியை ஹேங்கர்ல மாட்டின மாதிரி.”

சின்ன சிஸ்டர் பெரிய சிஸ்டரிடம் போய்க் கேட்டாள். பெரிய சிஸ்டர் அந்த இல்லத்தின் பொறுப்பாளர். இருபது வருடமாக அங்கே இருக்கிறவர். காலையிலிருந்து அந்தப் பக்கமே யாரும் போகவில்லை என்றார்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. இல்லத்துக்குப் பின்னாலேயே பணியாளர் விடுதி. அவளுடைய அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தலையணை. கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மூன்று மணிக்குப் படுத்தாள். மல்லாந்துதான் படுத்தாள். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

கண் விழித்தபோது மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் சுவர் இருந்தது.

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. இடது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது, மரத்துப்போய். வலது கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை செருகியிருந்தது. முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று. வேலையைக் கற்றுக்கொடுத்த முதல் வாரத்தில் சொன்னார்களே, அதேபோல, அதே கோணத்தில்.

அவளிடம் இருந்தது ஒரே தலையணை. அது தலைக்குக் கீழே இருந்தது.

வெளியே யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழுகிற சத்தம், பேச்சு, சிரிப்பு. கூப்பிட வாயைத் திறந்தாள். முகம் மெல்லச் சரிந்து தலையணைக்குள் இறங்கியது. உள்ளே இழுத்த மூச்சில் பாதி பஞ்சு வாசனை, பாதி சில்லறை வாடை. அவள் நர்ஸ். ஒரு மனிதருக்கு இதற்குமேல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். சத்தம் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே கத்தினாள்.

சுவரில் ஜன்னல் வெயில் ஒரு கட்டமாக விழுந்திருந்தது. அந்தக் கட்டம் மெல்ல மெல்ல மேலே ஏறியது.

பின்னால் யாரோ காத்திருந்தார்கள். அவசரமே இல்லாமல்.

டக் டக்.

கட்டில் கம்பியில், இரும்பில் உலோகம் படுகிற சத்தம்.

ஒரு கை அவள் இடுப்பில் வந்து பதிந்தது. ஒரே கை. இழுத்தது. அவள் மல்லாந்து விழுந்தாள்.

அறையில் யாரும் இல்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ஒரே தலையணைதான் இருந்தது. கைக்கடிகாரத்தில் மணி சரியாக ஐந்து.

அன்று இரவு அவள் படுக்கவில்லை. அடுத்த நாள் மூன்றாம் அறைக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றுகொண்டாள். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு. ஒவ்வொரு முறையும் தானே திருப்பினாள், திருப்பிய பிறகே கையெழுத்துப் போட்டாள். தையல்காரம்மா அவளுடைய கண்ணைப் பார்த்துவிட்டு, ராத்திரி தூங்கினாயா இல்லை மிஷின் மிதித்தாயா என்று கேட்டார். இப்படியே ஒழுங்காக இருந்துவிட்டால் போதும், கணக்கு நேராகிவிடும் என்று அவள் நினைத்தாள்.

மூன்றாம் நாள் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கிப் பார்த்தாள். விழித்தபோது தரையில் கிடந்தாள். முகம் சுவரைப் பார்த்து.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்குப் பெரிய சிஸ்டர் மூன்றாம் அறைக்கு வந்தார். தையல்காரம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒற்றைக் கை ஆளைப் பற்றியே பேசுகிறார், பக்கத்து அறையில் இருக்கிற அம்மா பயந்து சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று புகார். போதாததற்கு, கண்டக்டரின் மகள் பத்து மணிக்கு வருவதாகப் போன் செய்திருக்கிறாள்.

“இவங்களைக் கொஞ்ச நேரம் சுவர் பக்கம் போட்டுடு” என்றார் பெரிய சிஸ்டர், வழக்கமான குரலில்.

தையல்காரம்மாவின் வாய் மூடிக்கொண்டது. அவ்வளவு நேரம் பேசிய வாய். சின்ன சிஸ்டரையே பார்த்தார். கண்ணைத் தவிர அவரிடம் அசைக்க வேறு எதுவும் இல்லை.

சின்ன சிஸ்டர் ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்தாள். நாற்பது கிலோகூட இல்லாத உடம்பு. தள்ளினாள்.

அசையவில்லை.

மறுபடி தள்ளினாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். அங்கிருந்து எதுவோ அதே பலத்தோடு திருப்பித் தள்ளியது.

“சிஸ்டர்,” தையல்காரம்மாவின் குரல் காற்றாக வந்தது, “அவரு விட மாட்டேங்கறாரு.”

சின்ன சிஸ்டர் கையை எடுத்தாள். தன்னால் முடியாது என்று பெரிய சிஸ்டரிடம் சொன்னாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார், வருகிறவளுக்குக் காட்ட அட்டவணையைத் தேடி எடுக்க.

கண்டக்டரின் மகள் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்தாள். ஐம்பது வயதுப் பெண். தோளில் ஒரு துணிப்பை. அலுவலக அறை மூன்றாம் அறைக்கு நேர் எதிரே. இரண்டு கதவும் திறந்திருந்தன. அலுவலக அறைக்குள் சின்ன சிஸ்டர் நின்ற இடத்திலிருந்து தையல்காரம்மாவின் கட்டில் தெரிந்தது.

பெரிய சிஸ்டர் ஆறுதல் சொன்னார். அட்டவணையை எடுத்து மேஜையில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரலால் காட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்திருக்கிறோம் என்றார். மகள் அதைப் பொறுமையாகப் படித்தாள்.

“நான் சண்டை போட வரலை சிஸ்டர்,” என்றாள். “இந்த வேலை எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். என்னால வீட்டுல வெச்சுப் பாக்க முடியலைன்னுதானே இங்க கொண்டு வந்து விட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.”

பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். தடித்த மோதிரம்.

“அப்பாவைக் குளிப்பாட்டும்போது நான் கூட இருந்தேன். இது விரல்ல புதைஞ்சு கிடந்துது. சோப்புப் போட்டுத்தான் கழட்டினோம். அது பரவாயில்லை. ஆனா அவரோட இடது விலாவுல தடம் இருந்துது. வட்ட வட்டமா. ஒண்ணு மேல ஒண்ணா, எண்ணவே முடியலை.” மோதிரத்தைத் தன் விலாவில் வைத்துக் காட்டிவிட்டு மேஜைமேல் வைத்தாள். “தட்டின மாதிரி. கம்பி எட்டலைன்னு தன் மேலயே தட்டின மாதிரி. அது ஏன்?”

பெரிய சிஸ்டர் உடனே பதில் சொன்னார். வயதானவர்களுக்குத் தோல் மெல்லிசு, லேசாக உரசினாலே கன்றிப்போகும் என்றார். சொல்லிவிட்டுச் சின்ன சிஸ்டரைப் பார்த்தார். அன்று பணியில் இருந்தவள் இவள்தான், இவளே சொல்லட்டும் என்றார்.

சின்ன சிஸ்டருக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் தெரியும். தூக்கத்திலேயே போய்விட்டார், கஷ்டப்படவே இல்லை. எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்கிற வாக்கியம்.

“தூக்கத்துலயே...” என்று ஆரம்பித்தாள்.

டக்.

ஒரே ஒரு தட்டு. எதிர் அறையிலிருந்து.

பெரிய சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். மகளும் பார்த்தாள். வெயில் விழுந்த அறையில் தையல்காரம்மா மட்டும் படுத்திருந்தார். இரண்டு கைகளும் போர்வைக்கு மேலே, யாரோ வைத்த இடத்தில் வைத்தபடி.

மேஜைமேல் இருந்த மோதிரம் இல்லை.

மகள் குனிந்து தரையில் தேடினாள். சின்ன சிஸ்டர் தேடவில்லை. அவளுடைய இடது கை தோளிலிருந்து விரல் வரை மரத்துக்கொண்டே இறங்கியது. நின்றுகொண்டிருக்கும்போதே மூக்குக்கு முன்னால் சுவர் வந்து நிற்பது போல மூச்சு திணறியது. சில்லறை வாடை அடித்தது. கடிகாரத்தில் மணி பத்து.

எதிர் அறையில் தையல்காரம்மா அவளைப் பார்க்கவில்லை. தன் கட்டில் ஓரமாக, ஆள் உயரத்தில், எதையோ நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்து மணிக்கு அவரு உயிரோடதான் இருந்தாரு,” என்றாள் சின்ன சிஸ்டர்.

பெரிய சிஸ்டர் அவள் பெயரைச் சொல்லி எச்சரித்தார். அவள் நிறுத்தவில்லை.

“அந்தக் கையெழுத்தெல்லாம் காலையிலயே போட்டது. நான் எட்டு மணிக்குத் திருப்பலை. பத்து மணிக்குக் கதவு வரைக்கும் போனேன். என்னோட காலடிச் சத்தத்தை வெச்சே நான்தான்னு கண்டுபிடிச்சுட்டாரு. ‘பாப்பா, கை அடியில மாட்டிக்கிச்சு, மூச்சு முட்டுது, திருப்பி விடு’ன்னு சொன்னாரு. எனக்கு நல்லாவே கேட்டுது. சத்தம் வெளிய வராம இருக்கட்டும்னு நான்தான் கதவைச் சாத்திட்டுப் போனேன்.”